தொலைக்காட்சியும் குழந்தையின் எழுத்தறிவும்

(கல்பாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சொர்ணவாரிப் பட்டத்து வேலைகளுக்கிடையே இத்தனை பேர் வந்திருப்பது கண்டு மகிழ்ச்சி அடைகிறேன். வேளாண்மை பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருந்தால் தயங்கியிருப்பேன். உங்கள் முன்னிலையில் அதைப் பேச எனக்குத் தகுதி இல்லை. தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ', 'ஆ' சொல்லிக் கொடுத்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆகையால் எனக்குத் தெரிந்த பயிரைப் பற்றியே பேசுகிறேன்.

சதுரங்கப்பட்டினத்தை அடுத்த ஒரு குப்பத்தில் சென்ற ஆண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உள்ளே நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, எழுத்துப் பாட்டை ஓர் எழுத்தும் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது. வீட்டாருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் மகிழ்ச்சிதான். சுவரில் தேர்தல் காலத்து விளம்பரம் ஒன்று பெரிய எழுத்தில் இருந்தது. "கண்ணு, இதிலே 'அ' எங்கே இருக்கிறது, காட்டு" என்றேன். குழந்தை விழித்தது. பாட்டு தெரியும், எழுத்து தெரியாது. அங்கே இருந்த பாட்டி, தமக்கே எழுதப் படிக்கத் தெரியாதவர், "பெட்டியிலே வருகிறபோது நிறுத்திவைத்துக் கேட்கணும் போல" என்றார். நான் இன்று சொல்ல வந்ததில் பாதியை அந்த அம்மையார் அப்போதே சொல்லிவிட்டார்.

தொலைக்காட்சி குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பள்ளிக்கூடத்தின் வேலையை இனி அதுவே செய்துவிடும் என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இவ்விரண்டையும் நான் ஏற்பதில்லை. எந்த நிகழ்ச்சியை, எந்த வயதில், யார் பக்கத்தில் இருக்கப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தே பயனும் கேடும் விளைகின்றன.

இந்தக் கல்பாக்கத்துக்கும் கிராமத் தொலைக்காட்சிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அது பலருக்குத் தெரியாது. இங்கே அணு மின் நிலையத்துக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அடித்தளமிட்ட காலத்தில் அணுசக்திக் கமிஷனின் தலைவராக இருந்தவர் விக்ரம் சாராபாய். செயற்கைக்கோளின் வழியாக நாட்டின் கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று விடாது வாதாடியவரும் அவரே. 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இந்திய அணுசக்தித் துறையாகும். இங்கே உலை கட்டிய அதே இலாகாதான் அங்கே கிராமத்துக் குழந்தைக்குப் பாடம் காட்டவும் திட்டமிட்டது. 1971 டிசம்பரில் சாராபாய் காலமானார். தம் திட்டம் நடந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1975 ஆகஸ்டு முதல் தேதி அத்திட்டம் தொடங்கியது. அமெரிக்கா ஓராண்டுக்கு இரவலாகத் தந்த செயற்கைக்கோளின் துணையால், ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலையைக் கொண்டே பத்தடி அகல ஏற்புத் தட்டுகளைச் செய்தார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. சரியாக ஓராண்டு முடிந்ததும், 1976 ஜூலை இறுதியில், இரவல் கோள் திரும்பிச் சென்றது. ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு நிதானமானது: பார்த்த குழந்தைகளின் மொழித்திறனும் அறியும் ஆவலும் வளர்ந்திருந்தன, ஆனால் பள்ளிப் பாடத்தில் தேர்ச்சி அதனால் மட்டும் உயர்ந்துவிடவில்லை. இந்த நிதானம் நமக்கு வேண்டும்.

தமிழ்நாடு அந்தத் திட்டத்தில் இல்லை. எனினும் அதே 1975-இல், ஆகஸ்டு 15-ஆம் நாள், சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 'வயலும் வாழ்வும்' உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்னர் பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து தொலைக்காட்சி அறை எழுந்தது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் அந்த அறைக்கு நல்ல பூட்டு ஒன்று இருந்தது. சாவி ஒருவர் வீட்டில் இருந்தது. கிரிக்கெட் பந்தயமும் ஞாயிற்றுக்கிழமைப் படமும் வரும்போது தவறாமல் திறக்கப்படும் அறை, பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி நேரத்தில் ஒருநாளும் திறந்து நான் கண்டதில்லை. சாவி வைத்திருந்தவர் கெட்டவர் அல்லர். அந்த நேரத்தில் அவருக்கு மாடு கறக்கும் வேலை. அவ்வளவுதான் காரணம். எத்தனையோ திட்டங்கள் இப்படி ஒரு மாட்டின் கறவை நேரத்தில் சிக்கி நின்றுபோயிருக்கின்றன.

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கிய பிறகு, பொது அறையின் தேவை போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி. 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் பள்ளிக் கல்வித் துறையின் 'கல்வித் தொலைக்காட்சி' தொடங்கப்பெற்றது. சென்னைக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதன் படப்பிடிப்பு அரங்கு அமைந்தது. தொடக்கத்தில் அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் வந்தது. அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை, ஏழு மாதத்தில் அதன் மீது மாநிலத்தின் முழுப் பாரமும் விழும் என்று. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. ஏறத்தாழ இருபது மாதங்கள். 2020 ஜூனில் முதல் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய குழந்தை, வகுப்பறையையே காணாமல் இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து அமர்ந்தது.

அந்த மாதங்களில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பயனடைந்தனர். சின்னஞ்சிறு குழந்தைகள்? எழுத்து தெரிந்தவன் பெட்டியைப் பார்த்துக் கணக்குக் கற்கலாம். எழுத்தே தெரியாதவனுக்கு அருகில் ஓர் ஆள் வேண்டும். இதை உணர்ந்தே 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. தொடங்கிய இடம் நமக்கு அந்நியமன்று. இதே கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் வரும் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பம். மாலை வேளையில் தெருவிலேயே தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொன்னார். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்பது அதன் குறி. ஒரே வகுப்பில் இருந்தாலும் குழந்தை நிற்கும் படியைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை அது. பெயர் நன்றாக இருக்கிறது. வாடிப்போனவன் என்று ஒரு குழந்தைக்கும் பெயர் வைக்காமல் விட்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது.

குழந்தைத் தொலைக்காட்சி எழுத்தறிவுக்கு உதவுமா என்பதை மிகுதியாக ஆராய்ந்த நாடு அமெரிக்கா. 1969 நவம்பர் 10-ஆம் நாள் அங்கே 'செசமி தெரு' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஜோன் கான்ஸ் கூனி என்ற அம்மையார் முன்னின்று நடத்தியது. பள்ளிக்குப் போகுமுன்பே ஏழைக் குழந்தைகள் பின்தங்கி விடுகின்றனர். வீட்டுக்கு வீடு பெட்டி இருக்கிறது. அதன் வழியாக எழுத்தையும் எண்ணையும் கொண்டுசென்றால் என்ன என்பதே அவர்களது எண்ணம். அவர்கள் செய்த வேலையில் நான் வியப்பது ஒன்று. நிகழ்ச்சியைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டும்போது, பக்கத்திலேயே வேறு வண்ணப் படங்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும்படி வைத்தார்கள். குழந்தை எப்போது பெட்டியை விட்டு அந்தப் படத்தைத் திரும்பிப் பார்க்கிறதோ, அந்த இடத்தில் நிகழ்ச்சி தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தை அறுத்து எறிந்து வேறு செய்தார்கள். தெருவில் மனிதர்கள் மட்டும் பேசும் காட்சிகளில் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான், அந்தத் தெருவுக்குள் பெரிய பறவை ஒன்றையும் பொம்மைகளையும் கொண்டுவந்தார்கள். நாம் ஒரு கூட்டத்தில் பேசும்போது இப்படி யாராவது சோதித்தால் எத்தனை பேச்சு தேறும்!

பலன் என்ன? 1970-லேயே சோதித்துப் பார்த்தனர். மிகுதியாகப் பார்த்த குழந்தைகள் எழுத்தையும் எண்ணையும் மிகுதியாக அறிந்திருந்தனர். பிற்காலத்தில் 15 நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013-இல் வெளியிட்ட முடிவும் அதையே உறுதி செய்தது. 2015-இல் கியர்னி, லெவின் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் வேறு வழியில் ஆராய்ந்தனர். தொடக்கக் காலத்தில் அமெரிக்காவின் எல்லா வட்டாரங்களிலும் அந்த நிகழ்ச்சி தெளிவாக எடுக்கவில்லை; சில இடங்களில் அலைவரிசைக் கோளாறு. தெளிவாக எடுத்த வட்டாரங்களின் பிள்ளைகள், வயதுக்கேற்ற வகுப்பில் தவறாமல் இருந்தது மிகுதியாகக் காணப்பட்டது. வறிய வட்டாரங்களில் இப்பயன் இன்னும் கூடுதல்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1975-இல் குக் என்பவரும் அவர் தோழர்களும் முதல் சோதனையின் கணக்குகளை மீண்டும் புரட்டிப் பார்த்தனர். சோதனைக்காரர்கள் சில வீடுகளுக்குப் போய், குழந்தையைப் பார்க்கச் செய்யுங்கள் என்று தாய்மாரைத் தூண்டியிருந்தனர். அந்தத் தூண்டுதல் கிடைத்த வீடுகளில்தான் பயன் தெளிவாக இருந்தது. தானாகப் பார்த்த வீடுகளில் குறைவு. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் தாமே மிகுதியாகப் பார்ப்பதால், ஏற்றத்தாழ்வு குறையாமல் கூடவும் கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

ஊராட்சி உறுப்பினர்களே, இந்த எச்சரிக்கையை நான் கல்பாக்கத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலைக்கு இப்பக்கம் விஞ்ஞானிகளின் குடியிருப்பு. அப்பக்கம் குப்பங்களும் உழவர் தெருக்களும். இரண்டு பக்கத்து வீட்டிலும் ஒரே பெட்டி, ஒரே நிகழ்ச்சி. இங்கே தாய் அருகில் அமர்ந்து, "அது என்ன எழுத்து? உன் பெயரில் அது வருகிறதா?" என்று கேட்கிறாள். அங்கே தாய் நடவுக்கோ மீன் விற்கவோ போயிருக்கிறாள். ஒரே மழை இரு வயலில் பெய்தாலும், வரப்புக் கட்டியவன் வயலில்தான் நீர் நிற்கும். அந்த வரப்பை யார் கட்டுவது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

தமிழ் எழுத்தைக் கற்பதில் தொலைக்காட்சி எங்கே உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் எனக்குச் சற்று அனுபவம் உண்டு. நம் எழுத்துகள் 247 என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். உயிரும் மெய்யும் சேர்ந்த முப்பதையும், கொம்பு, கால், சுழி முதலிய குறிகளையும் அறிந்தால் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். ஆனால் குழந்தை இடறும் இடங்கள் சில உண்டு. 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. ஒலியோ 'க்' முதலில், 'ஒ' பிறகு. கண் ஒரு வரிசையில் போகிறது, காது வேறு வரிசையில் கேட்கிறது. கரும்பலகையில் இதை விளக்க நான் எத்தனையோ பாடுபட்டிருக்கிறேன். படத்தில் அந்தக் கொம்பு நடந்து வந்து எழுத்தின் அருகில் நிற்பதைக் காட்டினால், குழந்தை ஒரு தடவையில் பிடித்துக்கொள்கிறது. அவ்வாறே, 'கல்' என்பதில் 'க' ஒருவிதமாகவும், 'தங்கம்' என்பதில் ஒருவிதமாகவும், 'அகம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது, எழுத்து ஒன்றே. எழுத்தைக் காட்டிக்கொண்டே ஒலியையும் கேட்கச் செய்வது தொலைக்காட்சிக்கு எளிது.

இதைவிடப் பெரியது மற்றொன்று. நம் குழந்தை வீட்டில் கேட்கும் தமிழ் வேறு. புத்தகத்தில் காணும் தமிழ் வேறு. வீட்டில் "வந்துட்டாங்க", புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்". வீட்டில் "வெளையாட்டு", புத்தகத்தில் "விளையாட்டு". எழுத்தைக் கூட்டிப் படித்த பிறகும், "இது என்ன பாஷை?" என்று விழிக்கும் குழந்தையை நான் கண்டிருக்கிறேன். கதை வாசித்துக் காட்டும் வீட்டுக் குழந்தைக்கு இந்தத் தடை இல்லை. அதன் காதில் புத்தகத் தமிழ் முன்னமே விழுந்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டில், நல்ல தமிழில் சொல்லப்படும் ஒரு தொலைக்காட்சிக் கதை இந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கும். குழந்தை எழுத்தை அறியுமுன்பே எழுத்தின் மொழியைக் காதால் அறிந்துகொள்கிறது. 'செசமி தெரு'வின் மொழிபெயர்ப்பை விட நம்முடைய பாட்டிக் கதைகளையே நல்ல தமிழில் படமாக்கினால் இது இன்னும் சிறக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பாட்டு ஒலிக்கும்போது அதன் சொற்களை அதே மொழியில் திரையின் அடியில் காட்டும் முறை ஒன்றும் உண்டு. ஆமதாபாத்தில் இந்திய மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி என்பவர் இதை வற்புறுத்தி, 1999-இல் குஜராத்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியிலும், 2002-இல் தில்லித் தொலைக்காட்சியின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் செய்து காட்டினார். பாட்டு முன்னமே மனப்பாடம். அடுத்த சொல் என்ன என்பது தெரியும். ஆகவே கண் தானாகவே எழுத்தைத் தொடர்ந்து ஓடுகிறது. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கும் இது பயன்படும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே கற்கலாம்.

இனி எச்சரிக்கைகள். ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழ்ப்பட்டதற்கும் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியுள்ளது. மிகச் சிறிய குழந்தை எதிரில் உள்ள ஆளிடமிருந்து கற்பதைப் போலப் படத்திலிருந்து கற்பதில்லை. ஓயாமல் துரத்தலும் அடிதடியுமாக ஓடும் படங்கள் எழுத்தறிவுக்கு ஒன்றும் செய்வதில்லை. கைப்பேசியை நான் தொலைக்காட்சிக்குச் சமமாக வைப்பதற்கில்லை. பெட்டியின் முன் நான்கு குழந்தைகள் அமர்ந்தால் அவர்களுக்குள் பேச்சு எழும். கைப்பேசியோ ஒரு கையில் அடங்குவது. ஒரு நிகழ்ச்சி முடியுமுன் வேறொன்றை இழுத்து விடுவது. சோறு ஊட்டுவதற்காக அதைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். நான் சொல்லத் தேவையில்லை.

1956-இல் பூனாப் பிரதேசத்தில் சுமார் 150 கிராமங்களில் வானொலியை வைத்து ஒரு பரீட்சை நடந்தது. நிகழ்ச்சியைக் கேட்பது, கூடி விவாதிப்பது, பிறகு செயலில் இறங்குவது என்பது அதன் முறை. விவாதக் குழு அமைந்த ஊர்களில் விவசாயிகளின் அறிவு நன்கு உயர்ந்தது. வானொலி மட்டும் இருந்து குழு இல்லாத ஊர்களில் உயர்வு மிகச் சொற்பம். உழவருக்குப் பொருந்திய இது அவர் பேத்திக்குப் பொருந்தாமல் போகுமா?

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம், ஊருக்கு ஓர் இடம். அங்கன்வாடிக் கட்டடம் ஆகலாம், ஊர் நூலகம் ஆகலாம், பழைய தொலைக்காட்சி அறையின் பூட்டு துருப்பிடிக்காமல் இருந்தால் அதுவும் ஆகலாம். ஒரு பெட்டி, கல்வித் தொலைக்காட்சியிலிருந்து முன்னமே தேர்ந்தெடுத்த பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்று. அது முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட வேண்டும். மீதி இருபது நிமிடம் அந்த எழுத்தை மணலில் எழுதுவது, ஊர்ப் பெயர்ப் பலகையில் தேடுவது, கதையைத் திருப்பிச் சொல்வது. நடத்துவதற்குப் பட்டதாரி வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி போதும். அவளுக்கு ஒரு சிறு தொகை தர வழி உண்டா என்பதைக் கிராமசபையில் வைத்துத் தீர்மானியுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது மாடு இல்லாதவராக இருக்கட்டும்.

வரும் வழியில் ஒரு விவசாயி என்னை மடக்கினார். "ஐயா, நடவு நேரத்திலே புள்ளையைப் பெட்டி முன்னாலே உட்கார வெச்சுட்டுப் போகாம, நாங்க வேறென்ன செய்யறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். கூலி நாளை விட்டுவிட்டுக் குழந்தையின் அருகில் உட்காருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த நேரத்தில் பெட்டி குழந்தையைக் காவல் காக்கிறது. அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இரவு சாப்பிடும்போது, "இன்றைக்குப் பெட்டியிலே என்ன பார்த்தே? சொல்லு" என்று கேட்க முடியுமா? முடியும் என்றார். படிக்கத் தெரியாதவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். கதை கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை என்றேன். குழந்தை தான் கண்டதைத் தன் சொல்லால் ஒழுங்குபடுத்திச் சொல்வது, படிப்பதற்கு முந்தைய பாடம்.

இனி நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மாலை ஐந்தரை மணி என்று நான் எண்ணியிருந்தேன். குப்பத்துக்காரர்கள் அந்த நேரத்தில் வலை வேலை இருக்கும் என்கிறார்கள். உழவர் தெருவில் ஆறரைக்கு மேல்தான் வீடு திரும்புவோம் என்கிறார்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே நேரமா, இரண்டு நேரமா என்பதை உங்கள் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும் எடுத்து வந்திருக்கிறேன். முதலில் தாய்மார்கள் சொல்லட்டும்.